ஒரு கப் சீஸ் எத்தனை கிராம்? அட்டவணைத் தலைப்புக்கு ஒரு சொல் வேண்டும்

திருநகரிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். எங்கள் சமையற்கலை மாணவர்களின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் சீஸைக் கப்பில்தான் சொல்கிறார்கள். எங்கள் கூடத்தில் தராசு. செடார் சீஸைத் துருவிப் போட்டால் ஒரு கப் 113 கிராம், சிறு துண்டாக நறுக்கினால் 132, உருக்கி ஊற்றினால் 244. சீஸும் கப்பும் அதேதான், இடையில் நிற்கும் காற்றுதான் வேறு. இந்தக் 'கப்புக்கு இத்தனை கிராம்' என்பதை 'அடர்த்தி' என்று போட்டுவிடலாமா?

அலங்காநல்லூரிலிருந்து:
கூடாது அம்மா. அடர்த்தி பொருளின் இயல்பு, துருவினால் மாறாது. எண்ணல், எடுத்தல் (தராசில் நிறுப்பது), முகத்தல் (கலத்தால் மொண்டு அளப்பது), நீட்டல் என்று நம் மரபு அளவைகளைப் பிரித்தே வைத்திருக்கிறது. தொல்காப்பியர் 'அளவிற்கும் நிறையிற்கும்' என்று முகத்தலையும் எடுத்தலையும் தனித்தனியே சொல்லி, அப்பெயர்கள் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்ற ஒன்பது எழுத்துகளில் தொடங்கும் என்கிறார். நாழியும் உழக்கும் முகத்தல். கழஞ்சும் பலமும் எடுத்தல். 'எடு' என்பதிலிருந்துதான் 'எடை'. முகந்ததை எடுத்துப் பார்ப்பது 'முகவெடை'. இன்னொன்று: பாலாடைக்கட்டி என்று எழுதிவிடாதீர்கள். ஆடையிலா செய்கிறார்கள்? பால் + கட்டி, 'பாற்கட்டி'.

ஆனையூரிலிருந்து:
நான் படித்தது யாழ்ப்பாணத்தில். உங்கள் பாடநூலின் 'நிறை' (mass) எங்களுக்குத் 'திணிவு'. எங்களுக்கு 'நிறை' என்றால் உங்கள் 'எடை' (weight). ஆகவே 'நிறை' சேர்ந்த எந்தச் சொல்லும் வேண்டாம், இரு கரையிலும் குழப்பம். 'கிண்ணம்' என்றும் போடாதேங்கோ. அது வீட்டுக்கு வீடு வேறு. அமெரிக்கக் கப் 237 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250. எந்தக் கப் என்று அட்டவணையின் மேலேயே எழுத வேணும்.

கீழமாசி வீதியிலிருந்து:
ஐயா, முகவெடைன்னா மூஞ்சியோட எடையான்னுதான் பிள்ளைக கேக்கும். முகவைன்னு மாத்துனா ராமநாதபுரம் ஆயிரும். எங்க கடையில 'படிக்கு எவ்வளவு நிக்கும்?'னுதான் கேப்போம். அதே அரிசி, தலைதட்டி அளந்தா ஒரு கணக்கு, குவிச்சு அளந்தா ஒரு கணக்கு, குலுக்கி அளந்தா இன்னொரு கணக்கு. துருவுன சீஸை விரலால அமுக்குனா அந்த 113 எங்க நிக்கும்? சொல்லை விட இது முக்கியம். 'கப்பெடை'ன்னு வச்சிட்டு, பக்கத்துலயே 'துருவல், அமுக்காமல், தலைதட்டி'ன்னு எழுதுங்கம்மா. சீஸு சீஸாவே இருக்கட்டும். பாற்கட்டின்னு கேட்டா எந்தக் கடையிலயும் எடுத்துத் தர மாட்டாங்க.

அலங்காநல்லூரிலிருந்து:
கடைக்காரர் வாயில் வருவதெல்லாம் கலைச்சொல் ஆகிவிடாது. சொல்லின் வேரான பகுதியிலேயே பிறமொழிச் சொல்லை வைத்துவிட்டால், நாளைக்கு அதிலிருந்து கிளைக்கும் சொற்கள் எந்த மொழியாக இருக்கும்?

திருநகரிலிருந்து:
அனைவருக்கும் நன்றி. 'கப் எடை' என்று பிரித்தே போடுகிறேன். மாணவர்கள் கேட்டதும் புரிந்துகொள்கிறார்கள். துருவல், துண்டு, உருக்கியது என மூன்று பத்தி. 'அமுக்காமல், தலைதட்டி' என்ற குறிப்பைத் தடித்த எழுத்தில் சேர்த்தாயிற்று. கப் 237 மி.லி. என்பதும் மேலே வந்துவிட்டது.

அலங்காநல்லூரிலிருந்து:
பிரித்தால் இன்னும் மோசம். சீஸைப் போடுவதற்கு முன் வெறும் கப்பைத் தராசில் வைத்துக் கழிக்கிறார்களே, அதற்குப் பெயர் என்ன? அதுவும் 'கப் எடை'தானே? இரண்டையும் மாணவர் எப்படிப் பிரித்தறிவார்? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பிலாவது 'முகவெடை'.