கல்யாண டின்னருக்கு டாங்கோ குழு வாசித்த பாசடோப்ளே சரிப்படுமா?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
தங்கச்சி கல்யாண டின்னர் அடுத்த மாதம், கோலாலம்பூரில்தான். பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது சினிமாப் பாட்டு வேண்டாம் என்று இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். மாப்பிள்ளைக்கு டாங்கோ பைத்தியம். அவர் அனுப்பியது ஏதோ பழைய அர்ஜெண்டினா டாங்கோ குழுவின் பதிவு, பாடகர் யாரும் இல்லை, வெறும் வாத்தியம், ஆனால் செம துள்ளல், பாசடோப்ளே என்று போட்டிருக்கிறது. நடந்து வர ஒத்துவருமா?

பழையதட்டு_பினாங்கு:
தாராளமாக. பாசடோப்ளே ஸ்பெயின் சரக்கு, அணிநடைக்கும் நடனத்துக்கும் வாசிக்கிற இசை, 2/4 தாளம். காளைச் சண்டைத் திடலுக்குள் வீரர்கள் வரிசையாக நுழையும்போது பேண்டு வாசிப்பதே இதைத்தான், அப்புறம் என்ன? டாங்கோ குழுக்கள் இதைத் தொட்டதற்குக் காரணம் உண்டு. கலீசியா பக்கமிருந்து கப்பலேறிப் போய் புவெனஸ் அயர்ஸில் குடியேறிய ஸ்பானியர்கள் ஏராளம், அவர்கள் வருகிற நடன இரவில் டாங்கோவை மட்டும் வாசித்து ஒப்பேற்ற முடியாது. என்ரிக்கே ரொட்ரிகஸ் குழுவை ‘எல்லாத் தாளங்களின் குழு’ என்றே அழைத்தார்கள். டாங்கோ, வால்ஸ், ஃபாக்ஸ்டிராட், பாசடோப்ளே என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கேட்கும்போது பந்தோனியோனைக் கவனியுங்கள், கையில் பிடித்து வாசிக்கிற துருத்திப் பெட்டி வாத்தியம் அது. பேண்டில் ட்ரம்பெட் முழங்குகிற இடத்தை அதுதான் பிடித்துக்கொள்ளும், துருத்தியை வெடுக்கென்று இழுத்து சுரத்தை நறுக்கி நறுக்கிப் போடுவார்கள், கீழே பியானோவும் டபுள் பேஸும் நடையை விடாமல் தள்ளிக்கொண்டு போகும். அந்த வெட்டு டாங்கோக்காரர்கள் கைப்பழக்கம், ஸ்பெயின் பேண்டில் கிடைக்காது.

செந்தூல்_வயலின்:
ராகம் பார்த்தீர்களா? பாசடோப்ளேயில் தொடக்கப் பகுதி பல நேரம் வகுளாபரண வாசனையோடு வரும், சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஒரு தாண்டல். நம் பெரியவர்கள் காதுக்கு அந்நியமாகவே இருக்காது. பிற்பாதியில் பெரும்பாலும் சங்கராபரணம் மாதிரி பளிச்சென்று திறந்துகொள்ளும், மேடை ஏறுவதை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
அருமை. பெரிய மாமா உறுமி மேளம்தான் வேண்டும் என்கிறார், அது தனிப் பஞ்சாயத்து.

அம்பாங்_அக்கா:
உறுமியை வாசலில் வையுங்கள் தம்பி, கதவு திறந்ததும் இதைப் போடுங்கள், மாமாவும் சமாதானம். ஆனால் வேகத்தைப் பாருங்கள், நிமிடத்துக்குச் சுமார் 120 தட்டு. பட்டுச்சேலையும் ஹீல்ஸுமாக அதற்கு ஈடுகொடுக்க முடியாது, இரண்டு தட்டுக்கு ஓர் அடி என்று நடக்கச் சொல்லுங்கள். பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான், மண்டபம் நீளமென்றால் பாதி வழியில் பாட்டு முடிந்துவிடும், ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள் லா. இன்னொன்று, இந்த நடனத்தில் ஆண்தான் காளை வீரர், பெண் அவர் சுழற்றும் துணி. மாப்பிள்ளை அதையெல்லாம் மேடையில் முயற்சி செய்ய வேண்டாம், முந்தானை பின் கழன்றால் தங்கச்சி விடமாட்டாள்.