இரண்டாம் வாலையின் மூன்று பகுதிகள்: சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். கிளாஸ்கோவின் கிளைட்சைடு வடிசாலை பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குவீன்ஸ் துறைமுகச் சுழற்பாலத்தை நீரழுத்தத்தால் இயக்கிய 1877ஆம் ஆண்டு எக்கிக்கூடம் அது. 2017இலிருந்து மோரிசன் குடும்பம் அங்கே விஸ்கி வடிக்கிறது. கட்டடப் பகுதி முடிந்தது. இரண்டாம் வாலையில் (காய்ச்சி வடிக்கும் கலத்தில்) முதலில், நடுவில், கடைசியில் இறங்கும் ஃபோர்ஷாட்ஸ், ஹார்ட், ஃபெயிண்ட்ஸ் மூன்றுக்கும் தமிழ்ச்சொல்தான் பாக்கி. முதலையும் கடைசியையும் 'கழிவு' என்று போடலாமா?

வேதியியல் ஆசிரியர்:
கூடாது. அவற்றைக் கொட்டுவதில்லை. முதல் வாலையில் இறங்கிய, 20–25 விழுக்காடு சாராயமுள்ள வடிநீரோடு சேர்த்து மறுபடி இரண்டாம் வாலையிலேயே ஏற்றுவார்கள். தொடக்கத்தில் வருவதில் நீர் விட்டால் பால்போல் கலங்கும். முந்தைய முறை வடித்ததன் கடைசியில் குளிர்கலத்தில் படிந்த எண்ணெய்ப்பசையை அது கழுவிக்கொண்டு வருவதே காரணம். நீர் விட்டும் கலங்காதபோது நடுப்பகுதிக்குத் திருப்புவார்கள். சாராய வலு 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும்போது நடுப்பகுதியை நிறுத்துவது பல ஆலைகளின் வழக்கம். பிந்தினால் ஈரத்தோல் வாடை, வியர்வை வாடை ஏறிவிடும்.

புலவர்:
கலங்காதது என்றால் தேறல்! தேறு என்றால் தெளி. கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையும் இந்த வேர்தான். பெரும்பாணாற்றுப்படையின் 'நல்லடை' முளைதானியம் என்பது உரை. மால்ட்டுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, சங்கத் தேறல் புளித்த மதுவின் தெளிவு, வாலையில் காய்ச்சி இறக்கியதல்ல. கையேட்டை வாசிக்கிறவருக்கு அகராதி தேவைப்படக்கூடாது. தேங்காய்ப்பாலில் முதற்பால், கப்பிப்பால் என்கிறோமே, அதுபோல முதல்வடி, நடுவடி, கடைவடி போதும்.

வேதியியல் ஆசிரியர்:
'முதல்வடி' இடறும். முதல் வாலையில் வடிந்தது என்றே படிப்பார்கள். தலைவடி?

புலவர்:
தலையாய, தலைசிறந்த என்று பழகியவர்கள் அதுதான் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே உயர்ந்தது நடுவில் இருக்கிறது. 'கடை'க்கும் இதே இடர்: கடைப்பட்டது, தாழ்ந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
அப்படியென்றால் முன்வடி, நடுவடி, பின்வடி.

மொழிபெயர்ப்பாளர்:
மூன்று பேர் சம்மதம், ஒருவர் மறுப்பு. முன்வடி, நடுவடி, பின்வடி என்றே அனுப்புகிறேன். மால்ட் மால்ட்டாகவே இருக்கட்டும்.

புலவர்:
அனுப்புங்கள். என் மறுப்பை மட்டும் பதிந்துவையுங்கள்: 'நடுவடி' எப்போது எடுத்தார்கள் என்று சொல்கிறது. ஏன் எடுத்தார்கள் என்பதைத் தேறல்தான் சொல்லும்.