சாப்பாட்டை நிறுத்தினா டிக்கெட் விலை குறைஞ்சிருமா?

வேளிமலை:
நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து வாட்சப் குழு ஒண்ணுல ஓடுன பதிவு இது: "பட்ஜெட் விமானம் மலிவா இருக்கதுக்கு ஒரே காரணம், அதுல சாப்பாடு கிடையாது. ஏர் இந்தியாவும் சாப்பாட்டை நிறுத்தினா மறுநாளே இண்டிகோ விலைக்கு இறங்கிரும்." எழுதுனவரு நம்ம குழித்துறைக் கணக்கன். அங்க எல்லாரும் கைதட்டியாச்சு. இங்க அது நடக்காது.

வோய், கணக்கன்னு பேரு வச்சா மட்டும் கணக்கு வந்திராது. இண்டிகோ ஏ320 நியோவுல 186 சீட்டு. அதே விமானத்தை, சாப்பாடு தந்த விஸ்தாரா கம்பெனி 164 சீட்டு போட்டு ஓட்டிச்சு. விமானி ரெண்டு பேரு, அது மாறாது. 50 சீட்டுக்கு ஒரு பணியாளர்ங்கிற விதிப்படி ரெண்டுலயும் குறைஞ்சது 4 பேரு. எண்ணெய்ச் செலவு கிட்டத்தட்ட அதேதான். ஒரே செலவை 164-ஆல வகுத்தா ஒரு தொகை, 186-ஆல வகுத்தா அதுல 12 சதவீதம் குறைவு. இதுல ஒரு உப்புமாவுக்கு என்ன வேலை?

குழித்துறைக் கணக்கன்:
வந்துட்டாரு பாடம் எடுக்க. அந்த 22 சீட்டும் ஆகாசத்துலேருந்தா விழுந்துது? அடுப்பும் தள்ளுவண்டியும் சாப்பாட்டு அலமாரியும் இருந்த எடமாக்கும் அது. சாப்பாட்டை எடுத்தான், அடுப்படியை எடுத்தான், சீட்டைப் போட்டான். நான் சொன்னதைத்தான் நீரு நீட்டிப் பறையுதீரு.

வேளிமலை:
அடுப்படியைச் சுருக்கி, கழிப்பறையைப் பின்சுவரோட ஒட்டினதுல கிடைச்சது ஒரே ஒரு வரிசை. 180 சீட்டு 186 ஆச்சு. ஆறு சீட்டு! மிச்சம் 16 சீட்டும் எங்கேருந்து வந்துது? விஸ்தாராவுல முன்னால 8 பிசினஸ் சீட்டு, பக்கத்துக்கு ரெண்டா. அதுக்குப் பின்னால 24 சீட்டு, கால் நீட்ட எடம் விட்டுப் போட்டது. இதையெல்லாம் எடுத்துட்டு ஒரே அளவுல நெருக்கிப் போட்டா சீட்டு கூடும். அது சாப்பாட்டுக் கணக்கு இல்ல, கால் முட்டுக் கணக்கு.

குழித்துறைக் கணக்கன்:
ஆக ஆறு சீட்டு சாப்பாட்டால வந்ததுன்னு ஒத்துக்கிட்டாச்சு. நன்றி.

வேளிமலை:
ஒத்துக்கிடல.

பூதப்பாண்டி தெற்கு:
ஒரு சின்ன சந்தேகம். பட்ஜெட் விமானம்னு எதைச் சொல்லுதீங்க? டிக்கெட் விலை குறைஞ்சதையா, கம்பெனியோட செலவு குறைஞ்சதையா? ரெண்டும் வேற இல்லியா? 2024-லேருந்து இண்டிகோவே சில தடத்துல பிசினஸ் சீட்டு போட்டு விக்குதே.

வேளிமலை:
அதெல்லாம் பொறவு. முதல்ல இந்தச் சாப்பாட்டு விசயத்தை முடிச்சிருவோம்.

விமானம் பறக்கும்போதுதான் காசு. கரையில கிடக்குற வள்ளம் மீன் கொண்டு வராது. குத்தகைப் பணம் மாசத்துக்கு இவ்வளவுன்னு கட்டியே ஆவணும், பறந்தாலும் கிடந்தாலும். அதனால பட்ஜெட் கம்பெனி ஒரு ஏ320 இறங்கினா 25, 30 நிமிசத்துல மறுபடி கிளப்பித் திருப்பப் பாக்கும். பழைய கம்பெனிக்கு 45, 50 நிமிசம் ஆவும்.

எப்படின்னு கேளும். தரை இறங்குறதுக்கு முன்னாலயே பணியாளர்கள் நடந்து குப்பையை வாங்கிருவாங்க. சக்கரத்துக்குக் கட்டை வச்சதும் முன்வாசலும் பின்வாசலும் ஒண்ணாத் திறக்கும். 2022-ல இண்டிகோ முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணுன்னு மூணு வழியில ஆளை இறக்கத் தொடங்கிச்சு. படிக்கட்டுக்குப் பதிலா சாய்வுப் பாதை, அதனால சக்கர நாற்காலிக்குத் தனி தூக்கிவண்டி வந்து நிக்க வேண்டாம். ஆள் இறங்கும்போதே கீழ பெட்டி இறங்கும். சீட்டு பெல்டைக் குறுக்க மடிச்சு, சீட்டுப் பையைப் பாத்து, பாதுகாப்புச் சோதனையை முடிக்கிறதும் அதே பணியாளர்தான்.

நாளைக்கு 6 நடை போற விமானத்துக்கு நடுவுல 5 திருப்பம். திருப்பத்துக்கு 20 நிமிசம் மிச்சம்னா 100 நிமிசம். சென்னைக்கு ஒரு நடை கூட ஓட்டிரலாம். அந்த ஒரு நடையோட வருமானத்துக்கு முன்னால சாப்பாட்டுச் செலவெல்லாம் ஒரு செலவா?

குழித்துறைக் கணக்கன்:
நல்லா எழுதுனீரு. ஆனா ஒரு வண்டியை மட்டும் விட்டுட்டீரு, தெரியாம இல்ல, தெரிஞ்சேதான்.

ஏ320-ல சரக்குக் கதவு வலது பக்கம். எண்ணெய் அடைக்கிறது வலது இறக்கைக்குக் கீழ. சாப்பாட்டு லாரி சேருறதும் வலது பக்கக் கதவுக்கு. மூணு வண்டியும் ஒரே பக்கம் முட்டிக்கிட்டு நிக்கும். அந்த லாரி கதவுக்கு நேரா வந்து, காலை ஊனி, பெட்டியைத் தூக்கி, பழைய தள்ளுவண்டியை இறக்கி, புதுசை ஏத்தி, முத்திரையைச் சரிபாத்து, எண்ணிக் கையெழுத்து வாங்கி, பொறவு பின்கதவுக்கு நகரணும். சாப்பாட்டு எண்ணிக்கை ரெண்டு குறைஞ்சா சமையல்கூடத்துக்குப் போனு, அதுக்கொரு காத்திருப்பு. உம்ம 20 நிமிசம் போறது அங்கதான். முன்பக்க வலது கதவை இண்டிகோ ஆள் இறக்கப் பயன்படுத்துதுன்னு நீரே சொன்னீரு. அங்க லாரி ஒட்டி நின்னா ஆளை எங்க இறக்குவான், லாரிக்குள்ளயா?

சாப்பாடு. மறுபடியும் சாப்பாடு.

மணக்குடி காயல்:
கணக்கன் அண்ணாச்சி, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் சூடான சாப்பாடு முன்பதிவு பண்ணி விக்குதே, அதை எந்தக் கணக்குல சேப்பீரு? அடுப்பும் உண்டு, லாரியும் உண்டு, பட்ஜெட் விமானமும்தான். 2005 ஏப்ரல் 29-ல முதல் விமானம் அபுதாபிக்குக் கிளம்பினது நம்ம வாசல்லேருந்து, திருவனந்தபுரத்துலேருந்து.

தோவாளைக்காரன்:
"நம்ம வாசலா"? 1956-லயே திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுப் பிரிஞ்சு தமிழ்நாட்டுக்கு வந்தாச்சு தம்பி. நம்ம வாசல் இனி தூத்துக்குடி. 1,350 மீட்டர் ஓடுபாதை 3,115 மீட்டர் ஆயாச்சு, 2025 ஜூலை 26-ல புது முனையமும் திறந்தாச்சு.

மணக்குடி காயல்:
ஓடுபாதை நீளமானா விமானம் தானா வந்திருமா? தமிழ்நாட்டுல விமான எண்ணெய்க்கு வாட் 29 சதவீதம், கேரளாவுல 5. எந்தக் கம்பெனி எங்க வந்து எண்ணெய் அடைப்பான்? நாகர்கோவில்லேருந்து தூத்துக்குடிக்குத் திருநெல்வேலி சுத்திப் போற கார் வாடகையையும் டிக்கெட்டுல சேத்துப் பாரும். மார்த்தாண்டம்காரனுக்கு இதைச் சொன்னா சிரிப்பான்.

தோவாளைக்காரன்:
மார்த்தாண்டம்காரனுக்கு மட்டுமா மாவட்டம்? எப்பவும் மேக்கத்திக்காரங்க பேச்சே இப்படித்தான்.

வேளிமலை:
ரெண்டு பேரும் வேற திரி தொடங்குங்க. போன தடவை ஏடிஆர்ங்கிற சின்ன விமானம் பத்திப் பேசும்போதும் தூத்துக்குடியைக் கொண்டு வந்துதான் கெடுத்தீங்க.

கணக்கனுக்குப் பதில். இண்டிகோவுலயும் தின்பண்டம் விக்குதான், அதுவும் லாரியிலதான் வரும். வித்தியாசம் என்னன்னா ஒவ்வொரு ஊர்லயும் ஏத்துறது இல்ல. தளத்துல ஏத்துனா ரெண்டு மூணு நடைக்கு ஓடும். சாண்ட்விச்சுக்கு அடுப்பு வேண்டாம். அதனால வித்தியாசம் சாப்பாடு உண்டா இல்லியாங்கிறதுல இல்ல, எங்க, எத்தனை தடவை ஏத்துறாங்கிறதுல. சாப்பாட்டை நிறுத்தினா மட்டும் ஏர் இந்தியாவுக்கு அந்த 20 நிமிசம் கிடைக்காது. பிசினஸ் பயணியைத் தனியா ஏத்தணும், தொடர் விமானத்துல வர்றவனுக்கும் அவன் பெட்டிக்கும் காத்து நிக்கணும். பெரிய கம்பெனி சில நேரம் தாமதமாகுறது அந்தப் பெட்டிக்காகவும்தான்.

பட்ஜெட் கம்பெனிக்கு இன்னொரு பலம், ஒரே வகை விமானம். விமானிப் பயிற்சி ஒண்ணு, உதிரிபாகம் ஒண்ணு. ஒரு விமானம் பழுதானா பக்கத்துல நிக்குறதை எடுத்து ஓட்டலாம். 2005-ல இண்டிகோ ஒரே வீச்சுல 100 ஏ320 வாங்க ஒப்பந்தம் போட்டுச்சு, ஒரு விமானம்கூட பறக்குறதுக்கு முன்னால. மொத்தமா வாங்குனா தள்ளுபடி. வாங்குனதைக் குத்தகைக் கம்பெனிக்கு வித்து அதையே வாடகைக்கு எடுத்தா கையில ரொக்கம்.

குழித்துறைக் கணக்கன்:
ஒரே வகையா? இண்டிகோகிட்ட ஏடிஆர் 72 இல்லியா? 78 சீட்டு. ஏன் 78? உள்நாட்டுல 80 சீட்டுக்குக் குறைஞ்ச விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணம் விலக்கு, அதனாலயாக்கும். 2025-ல வெளிநாட்டுக்காரன்கிட்ட வாடகைக்கு எடுத்த 787-ங்கிற பெரிய விமானத்தை மான்செஸ்டருக்கு ஓட்டத் தொடங்கிச்சு. அதுல சூடான சாப்பாடு உண்டு, அதுக்குத் தக்க டிக்கெட் விலையும் உண்டு! சாப்பாடு வந்ததும் பட்ஜெட் போச்சு பாத்தீரா?

இறுக்கிப் பிடிச்ச கால அட்டவணையோட லட்சணம் 2025 டிசம்பர்ல தெரிஞ்சுது. புது விதிப்படி விமானிக்கு வார ஓய்வு 36 மணி நேரத்துலேருந்து 48 ஆச்சு, ராத்திரித் தரையிறக்கம் வாரத்துக்கு 6-லேருந்து 2 ஆச்சு. தேதி முன்னாலயே தெரியும். இண்டிகோ ஆள் எடுக்கல. ஒரே நாள்ல ஆயிரம் விமானத்துக்கு மேல ரத்து. கடைசியில அரசாங்கம் 500 கிலோமீட்டருக்கு 7,500 ரூபாய், அதுக்கு மேல தூரத்துக்குத் தக்கன்னு உச்சவிலை வைக்க வேண்டியதாச்சு. காலையில முதல் நடை 40 நிமிசம் பிந்தினா, 25 நிமிசத் திருப்பத்துல அதை எங்க மீப்பான்? ராத்திரி வரைக்கும் உருண்டுக்கிட்டே போவும்.

வேளிமலை:
டிசம்பர் காரியத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? தோக்கும்போது வேற பக்கம் தாவுறது உமக்குப் பழக்கம்.

பழைய கம்பெனிகள் இதைப் பாத்து என்ன பண்ணுனாங்கன்னு வரலாறு இருக்கு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1998-ல 'கோ'ன்னு தனி பட்ஜெட் கம்பெனி தொடங்கி 2001-ல வித்துது. அடுத்த வருசம் ஈசிஜெட் அதை விழுங்கிச்சு. இங்க ஜெட் ஏர்வேஸ், ஏர் சகாராவை வாங்கி ஜெட்லைட்டுன்னு பேரு மாத்திச்சு. கிங்பிஷர், ஏர் டெக்கானை வாங்கி கிங்பிஷர் ரெட் ஆக்கிச்சு. 2011-ல ரெட்டை மூடப் போறதா அறிவிச்சாங்க, 2012-ல மொத்தக் கம்பெனியும் நின்னு போச்சு. ஏன்? மலிவுச் சீட்டு பக்கத்துலயே இருந்தா சொந்தப் பயணியே அங்க தாவுவான். செலவோ பெரிய கம்பெனிச் சம்பளம், பெரிய கம்பெனி அலுவலகம். சாப்பாட்டை நிறுத்தி யாரும் தப்பிக்கல.

மணக்குடி காயல்:
ஏர் டெக்கான்ல 2003-லயே சும்மா சாப்பாடு கிடையாதே. அப்படிப் பாத்தா கணக்கன் சொன்ன வழியில அது இன்னைக்கு ராசாவா இருந்திருக்கணும்.

குழித்துறைக் கணக்கன்:
அது நிர்வாகக் கோளாறு. சாப்பாட்டுக் கோளாறு இல்ல. ஒண்ணும் மனசிலாவாம எடையில வந்து பறையாதேயும். ஜெட்ஸ்டாரை குவாண்டாஸ் 2004-ல தொடங்கி இன்னைக்கும் ஓட்டுது, அதை ஏன் வேளிமலை சொல்லல?

வேளிமலை:
சொல்ல வந்தேன், நீரு விட்டாத்தானே? ஜெட்ஸ்டாருக்குத் தனி நிர்வாகம், தனிச் சம்பள ஒப்பந்தம். அதனால நிலைச்சுது.

பூதப்பாண்டி தெற்கு:
விமானம் பிந்தினா பட்ஜெட் கம்பெனி சாப்பாடு தர வேண்டாமா? ஒரு ஏஜென்ட் அப்படித்தான் சொல்லுதாரு.

வேளிமலை:
தப்பு. விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கிற டிஜிசிஏவோட விதி எல்லாக் கம்பெனிக்கும் ஒண்ணுதான். இரண்டரை மணி நேரம் வரைக்குமான பயணத்துல விமானம் 2 மணி நேரத்துக்கு மேல பிந்தினா, நேரத்துக்கு வந்து செக்-இன் பண்ணுனவனுக்குச் சாப்பாடோ சிற்றுண்டியோ தந்தாவணும். 6 மணி நேரத்துக்கு மேலன்னா மாத்து விமானம், இல்லாட்டி முழுப்பணம். சீட்டு கூடுதலா வித்து உங்களை ஏத்தாம விட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல, 24 மணி நேரத்துக்குள்ள மாத்து விமானம் தந்தா அடிப்படைக் கட்டணத்தோட இரு மடங்கு, எண்ணெய்க் கட்டணத்தையும் சேத்து, உச்சம் 10,000 ரூபாய். கவுண்டர்ல எழுதிக் கேளுங்க.

குழித்துறைக் கணக்கன்:
பாத்தீரா, அரசாங்கமே சாப்பாட்டைத்தான் முதல்ல வச்சிருக்கு.

தோவாளைக்காரன்:
இந்தச் சண்டைக்கு நடுவுல ஒரு காரியம். திருவனந்தபுரம்–மும்பை ஒரு கம்பெனி, மும்பை–குவைத் இன்னொரு கம்பெனி, தனித்தனி டிக்கெட்டா எடுத்தா மலிவா வருது. எடுக்கலாமா?

வேளிமலை:
எடுக்காதீங்க. தனி டிக்கெட்டுன்னா முதல் விமானம் பிந்தினதுக்கு ரெண்டாவது கம்பெனி பொறுப்பு இல்ல, சீட்டு போச்சு. பெட்டியை மும்பையில வாங்கி மறுபடி போடணும், முனையம் மாறவும் செய்யலாம். உள்நாட்டு டிக்கெட்டுல 15 கிலோதான். குவைத்துக்கு 30 கிலோ உண்டுன்னு கட்டிக்கிட்டுப் போனா மிச்சம் 15-க்கு முதல் கவுண்டர்லயே பணம் கட்டணும். முன்கூட்டி இணையத்துல எடை வாங்குனா அதைவிடக் குறையும். ஒரே டிக்கெட்டா எடுத்தா தொடர் விமானத்துல ஏத்திவிடுறது அவங்க தலைவலி. கைச்சுமை 7 கிலோ, இதுல எந்த மாத்தமும் இல்ல.

குழித்துறைக் கணக்கன்:
15 கிலோவும் நம்ம ஏர் இந்தியா 2024-ல குறைச்சதுதான். அதுக்கு முன்னால 20. எடையைக் குறைச்சாச்சு, டிக்கெட் விலை இறங்கிச்சா? இல்ல. ஏன்னா சாப்பாட்டை நிறுத்தல.

வேளிமலை:
உமக்கு இனி பதில் எழுதினா என்னைச் சொல்லணும்.

மணக்குடி காயல்:
இதை ஏடிஆர் திரியிலயும் சொன்னீங்க அண்ணாச்சி.

வேளிமலை:
அது வேற. அங்க 80 சீட்டு விலக்கை முதல்ல எடுத்துச் சொன்னது நான். இங்க கணக்கன் தான் கண்டுபிடிச்ச மாதிரி எழுதியிருக்காரு. அதையும் குறிச்சு வச்சுக்கிடுங்க.

குழித்துறைக் கணக்கன்:
விதிப் புத்தகம் உம்ம தரவாட்டுச் சொத்தா?