இரும்புக்கை மாயாவியும் வேதாளரும் மோதினால் வெல்வது யார்?

வண்ணை வாசகன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கும் எனக்கும் என் மனைவியின் அண்ணனுக்கும் இடையே மூன்று மாதங்களாகத் தீராத வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. முத்து காமிக்ஸில் நாம் படித்து வளர்ந்த இரும்புக்கை மாயாவியும் கானகத்து வேதாளரும் நேருக்கு நேர் மோதினால் வெல்வது யார் என்பதே வழக்கு. தோற்றவர் இரு குடும்பத்தாரையும் பாரிமுனைக்கு அழைத்துச் சென்று, செகண்ட் லைன் பீச் தெருவில் இருக்கும் பர்மா கடையில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸும் முட்டை மசாலாவும் வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம் கட்டியிருக்கிறோம். மொத்தம் ஒன்பது பேர் என்பதால் செலவு சிறியதாக இராது.

நான் மாயாவியின் பக்கம் நிற்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒருவரை எவராலும் குறிவைத்து அடிக்க முடியாது என்பதும், அவருடைய வலக்கை ஓர் அடியில் கதவையே பெயர்த்துவிடும் என்பதும் என் வாதம். மச்சானோ வேதாளருக்கு நானூறு ஆண்டு அனுபவம் இருக்கிறது என்கிறார். எதை எடுத்துக் காட்டினாலும் "நானூறு ஆண்டு" என்ற ஒரே சொல்லால் அடைத்துவிடுகிறார். எனக்கு இவரைப் பிடிக்கும், உனக்கு அவரைப் பிடிக்கும் என்ற அளவில் நில்லாமல், கதைகளில் உள்ளதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருந்தால் உதவ வேண்டுகிறேன்.

காசிமேட்டுக் காற்று மறுமொழி:

நண்பரே, நீங்கள் தீர்ப்பைக் கேட்கிறீர்கள். ஆனால் போட்டி எங்கே, எந்த விதியின்படி நடக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அணி பிரிந்து குத்துச்சண்டை பார்த்த ஊரில் பிறந்துவிட்டு இதை மறக்கலாமா? என் தாத்தா அந்தக் காலத்து ஆட்டங்களில் வீரருக்கு உதவியாளராக மேடை மூலையில் நின்றவர். மணி அடிப்பதற்கு முன்பே பாதிச் சண்டை முடிந்துவிடும் என்று சொல்வார். எதிராளியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சுற்றியிருக்கும் துணிப்பட்டைக்கு மேலேயே கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்ப்பாராம். உள்ளே சுண்ணாம்புக் கட்டியோ வேறு கடினப் பொருளோ இருந்தால் அழுத்தும்போதே தெரிந்துவிடும் என்று எங்களுக்கும் செய்து காட்டியிருக்கிறார். மாயாவி இப்படிச் சோதனைக்குக் கையை நீட்டினால் என்ன ஆகும்? அந்தக் கை எந்தக் கையுறைக்குள்ளும் நுழையாது. நுழைந்தாலும் நடுவர் ஆட்டத்தைத் தொடங்க விடமாட்டார். குத்துச்சண்டை விதி என்றால் மாயாவி மேடை ஏறும் முன்பே தகுதி இழக்கிறார். தெருச் சண்டை என்றால் கதையே வேறு.

இது வெறும் விளையாட்டுப் பேச்சு அல்ல. 1978ஆம் ஆண்டு சூப்பர்மேனும் முகமது அலியும் மோதும் காமிக்ஸ் ஒன்றை டிசி நிறுவனம் பெரிய அளவில் வெளியிட்டது. அதில் அலி வென்றார்; அதற்காக அவர்கள் பொய்யாக எதையும் எழுதவில்லை. வேற்றுக்கிரகவாசிகள் பூமியின் சார்பில் ஒரு வீரனை அனுப்பச் சொல்கிறார்கள். சூப்பர்மேன் பூமியில் பிறந்தவரே அல்லவே என்று அலி கேட்கிறார். யார் போவது என்று முடிவு செய்ய, சிவப்புச் சூரியன் ஒளி வீசும் இடத்தில் இருவரும் மோதுகிறார்கள். அந்த ஒளியில் சூப்பர்மேனின் ஆற்றல் போய்விடுகிறது. ஆற்றல் போனால் மிஞ்சுவது குத்துச்சண்டை மட்டும்தான். அதில் அலியை வெல்ல ஆள் ஏது? அடி வாங்கி வாங்கி முகம் வீங்கியும் கீழே விழாமல் நின்ற சூப்பர்மேன், ஆட்டம் நிறுத்தப்பட்ட பிறகே சாய்கிறார். இடத்தை மாற்றியதும் முடிவும் மாறிவிட்டது.

அதே அலி 1980இல் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். என் தந்தை கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று பார்த்ததை இன்றும் சொல்வார்; அவர் கண்டது பெரும்பாலும் முன்னால் நின்றவரின் தலையைத்தான் என்பது வேறு விஷயம். ஆகவே, முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மறுமொழி:

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? மாயாவிதான் வெல்வார். வெள்ளைக் குதிரையின் மேல் ஏறி வந்து, இரண்டு துப்பாக்கிகளையும் உருவினால் எதிரில் நிற்க எவருக்கும் துணிவு வராது.

பெரம்பூர் புத்தகப்புழு மறுமொழி:

மேலே எழுதியிருக்கும் அண்ணன் ராணி காமிக்ஸ் வாசகர் என்பது குதிரையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நம் தமிழ் வாசகர்களுக்கு மட்டும் வாய்த்த குழப்பம் இது. ராணி காமிக்ஸ் "முகமூடி வீரர் மாயாவி" என்று அழைத்தவரும், முத்து காமிக்ஸ் வேதாளர் என்று அழைத்தவரும் ஒரே ஆள்தான். லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய நாயகர் அவர். அண்ணன் தம்மை அறியாமலேயே கேள்வி கேட்டவரின் மச்சானுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்.

இரும்புக்கை மாயாவி முற்றிலும் வேறு ஆள். 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் தொடங்கிய தொடர் அது. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வகப் பணியாளர் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். ஆய்வகத்தில் நேர்ந்த விபத்தில் மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்துவிடுகிறது, கை மட்டும் மறைவதில்லை. தொடக்கத்தில் கொள்ளையடித்துத் திரிந்தவர் அவர் என்பதையும் பின்னர்தான் நிழல் படையின் உளவாளியாக மாறினார் என்பதையும் நினைவில் வையுங்கள். விரலிலிருந்து தோட்டா பாய்வது போன்ற வசதிகளெல்லாம் உளவாளியான பின் வந்தவை. எந்தக் காலத்து மாயாவி மோதுகிறார் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை.

இனி மச்சானின் நானூறு ஆண்டு. அது செல்லாது. 1536இல் கடற்கொள்ளையரிடமிருந்து தப்பிக் கரை ஒதுங்கியவர் மண்டையோட்டின் மேல் சபதம் எடுத்ததில் தொடங்கி, தந்தைக்குப் பின் மகன் என்று முகமூடி கைமாறி வருகிறது. கானகத்து மக்கள் சாகாதவர் என்று நம்புவது அதனால்தான். இப்போது இருப்பவர் இருபத்தொன்றாம் தலைமுறை. குடும்பத்துக்கு நானூறு ஆண்டு இருக்கலாம். இவருக்கு இருப்பது ஒரு மனித ஆயுளின் அனுபவம்தான். என் வீட்டார் மூன்று தலைமுறையாகத் தையற்கடை வைத்திருக்கிறார்கள்; எனக்குப் பொத்தான் தைக்கத் தெரியாது.

ஆயினும் உங்கள் "கண்ணுக்குத் தெரியாதவரை அடிக்க முடியாது" என்ற வாதமும் ஓட்டைதான். என்னிடம் இருக்கும் பழைய பிரதி ஒன்றில் பின்னட்டை போய்விட்டது, கம்பிப் பின் துருப்பிடித்துக் காகிதத்தில் பழுப்பாக இறங்கியிருக்கிறது. ஆனால் இருட்டறையில் அந்தரத்தில் ஒரு கை மட்டும் மிதந்து வரும் கட்டம் இன்றும் தெளிவாக இருக்கிறது. சிறு வயதில் அதைப் பார்த்துப் பயந்தேன். இப்போது பார்க்கும்போது, அந்தக் கையே காட்டிக்கொடுக்கிறதே என்று தோன்றுகிறது. கை எங்கே இருக்கிறதோ அதற்கு ஒரு முழம் பின்னால் தோள் இருக்கும், தோளுக்குப் பக்கத்தில் மார்பு இருக்கும். எதிரியின் கையிலுள்ள துப்பாக்கியை மட்டும் குறிபார்த்துத் தெறிக்கவிடும் வேதாளருக்கு இந்தக் கணக்கைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? கையைச் சுட்டால் தோட்டா தெறித்துப் போகும். அதை முதல் தோட்டாவில் தெரிந்துகொண்டு இரண்டாவதை ஒரு முழம் தள்ளிச் சுடுவார்.

எண்ணூர் மின்னல் மறுமொழி:

நான் ஒயரிங் வேலை செய்பவன் என்பதால் என் தொழிலை ஒட்டி ஒன்று சொல்கிறேன். மாயாவியின் ஆற்றல் அவருக்குச் சொந்தமானது அல்ல. மின்சாரத்திடம் வாங்கிய கடன். உடலில் உயர் மின்னழுத்தம் பாய்ந்தால்தான் மறைவார். சிறிது நேரத்தில் அதன் வீரியம் தேய்ந்து மறுபடியும் தெரியத் தொடங்குவார். வேதாளரின் கானகத்தில் சண்டை என்றால் அங்கே மின்கம்பம் ஏது? இரும்புக்கையோடு கூடிய சாதாரண மனிதராகத்தான் மாயாவி புதருக்குள் நிற்க வேண்டியிருக்கும். அதே சண்டையை அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் சுவிட்ச்யார்டில் வைத்தால், விடிய விடிய மறைந்திருக்க அவருக்குத் தடையே இல்லை.

நம் தெருக்களில் வைத்தால்தான் சுவாரசியம். மழைக்காலத்தில், வீடுகளுக்கு மின்சாரம் பிரித்துவிடும் தெருவோரப் பெட்டியான பில்லர் பாக்ஸின் கதவு பாதி திறந்து கிடக்கும். மாயாவி அதில் விரல் வைத்தால் போதும். ஆனால் வேதாளர் மூளை உள்ளவர். ஒருமுறை பார்த்துவிட்டால் மறுமுறை ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். அவருடைய உடுப்பில் சட்டைப்பை கிடையாது என்பதால் இடைவாரில் செருகிக்கொள்ளட்டும். அதன் பிறகு தெரு முழுதும் இருண்டிருக்கும், மாயாவியோ சிறிது நேரத்தில் தெரியத் தொடங்கிவிடுவார், பகுதி மக்கள் இருவரையும் சேர்த்துத் திட்டுவார்கள்.

சோதனைச்சாலைக் கதையை நான் கேள்வி கேட்க வரவில்லை, ஆனால் அந்த அளவு மின்சாரம் உடலில் பாய்ந்தவர் மறைவதற்குப் பதில் வேறு மாதிரி மறைந்திருப்பார் என்பதை இதைப் படிக்கும் சிறுவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

காசிமேட்டுக் காற்று மறுமொழி:

மின்னல் சொன்னதோடு நான் ஒத்துப்போகிறேன். எடைப்பிரிவைப் பற்றியும் ஒரு சொல். 1962இல் ஜப்பானியர் கிங்காங்கையும் காட்ஸில்லாவையும் மோதவிட்டபோது, பழைய கிங்காங்கை அப்படியே கொண்டுவந்தால் காட்ஸில்லாவின் கால்விரலுக்குக்கூட ஈடாகாது என்பதால், குரங்கின் உயரத்தை 45 மீட்டராக உயர்த்தி 50 மீட்டர் காட்ஸில்லாவின் எதிரே நிறுத்தினார்கள். ஒரு பக்கத்தை இப்படித் தூக்கிவிடாமல் உலகம் விட்டு உலகம் மோதல் நடக்காது. நல்லவேளையாக உங்கள் வழக்கில் அந்தத் தொல்லை இல்லை. இருவரும் மனித அளவினர், இருவரும் அடிபட்டால் வலிக்கும் ஆட்கள். சூப்பர்மேனை ஒரு பக்கம் நிறுத்தியிருந்தால் நான் பதிலே எழுதியிருக்க மாட்டேன்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மறுமொழி:

குழப்பத்தைத் தீர்த்த புத்தகப்புழுவுக்கு நன்றி. ஆனால் குதிரை வீரரின் பக்கத்திலிருந்து நான் நகரப்போவதில்லை. நீங்கள் எல்லோரும் தோட்டாவையும் மின்சாரத்தையும் எண்ணுகிறீர்கள். கடைசியில் முடிவு செய்வது எழுதுபவர், அவரை முடிவு செய்ய வைப்பது வாசகர். 1996இல் டிசியும் மார்வெலும் சேர்ந்து தங்கள் நாயகர்களை மோதவிட்டபோது ஐந்து சண்டைகளின் முடிவை வாசகர் ஓட்டுக்கே விட்டார்கள். டிசியின் லோபோவை மார்வெலின் உல்வரின் வென்றதாக ஓட்டு விழுந்துவிட்டது. அதை எப்படி வரைவது என்று தெரியாமலோ என்னவோ, இருவரும் மதுக்கடை மேசைக்குப் பின்னால் விழுந்து புரள, உல்வரின் மட்டும் எழுந்து வருவதாகக் காட்டி முடித்தார்கள். அடி எதையும் நாம் பார்க்கவில்லை. ஆகவே வண்ணை வாசகர் தம் வீட்டு ஒன்பது பேரிடமும் ஓட்டு எடுப்பதே நேர்மையான வழி.

பெரம்பூர் புத்தகப்புழு மறுமொழி:

ஓட்டு எடுத்தால் அத்தோ யார் வாங்கித் தந்தால் அதிகம் கிடைக்கும் என்று பார்த்துத்தான் பிள்ளைகள் ஓட்டுப் போடுவார்கள். அது வேண்டாம். என் கணிப்பு: கானகத்தில் பத்துக்குப் பத்து வேதாளர்; நகரத்தில் இரவு நேரத்தில் மாயாவி பத்துக்கு ஆறு. ஒரு விஷயத்தை இதுவரை எவரும் எழுப்பவில்லை. வேதாளர் தனியாக வருவதில்லை. அவர் வளர்க்கும் விலங்கான டெவில் கூடவே வரும். மறைந்திருக்கும் மனிதரைக் கண் தேடினால்தானே ஏமாறும், மூக்குக்கு அந்தத் தொல்லை கிடையாது. டெவில் உண்டு என்றால் நகரத்திலும் மாயாவிக்கு இரண்டுக்கு மேல் தர மாட்டேன்.

வண்ணை வாசகன் மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மச்சானை அழைத்து உட்கார வைத்து, நீங்கள் எழுதியவற்றை வரிக்கு வரி படித்துக் காட்டினேன். நானூறு ஆண்டு போனதில் அவருக்கு மிகுந்த வருத்தம். புத்தகப்புழுவின் தையற்கடை உவமையைக் கேட்டபோதுதான் சிரித்தார். கண்ணுக்குத் தெரியாதவரை அடிக்க முடியாது என்ற வாதத்தை நானும் விட்டுக்கொடுத்தேன். பிறகு இருவரும் சேர்ந்து என் மகளின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் விதிகளை எழுதினோம். இடம் நகரத்துத் தெரு, நேரம் இரவு பத்து மணி, மாயாவி நிழல் படைக் காலத்தவர், பில்லர் பாக்ஸ் இரு தரப்புக்கும் பொது, குதிரை கூடாது என்பது வரை தகராறு இல்லாமல் போயிற்று. மச்சான் ஒவ்வொன்றுக்கும் கீழே கையொப்பமும் இட்டார்.

கடைசியாக "நாய்களுக்கு அனுமதி இல்லை" என்று எழுதினேன். அதற்கும் அவர் தயங்காமல் கையொப்பமிட்டதால் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகு, டெவில் நாயே அல்ல, மலை ஓநாய் என்றும், கதையில் யாராவது அதை நாய் என்று அழைத்தால் வேதாளரே திருத்துவார் என்றும் சொல்கிறார். புத்தகப்புழு அவர்களே, இது உண்மைதானா?

பெரம்பூர் புத்தகப்புழு மறுமொழி:

உண்மைதான். அத்தோவுக்குப் பணம் எடுத்து வையுங்கள்.