பஸ்ஸை விட்ட மாணவியை பைக்கில் கொண்டுபோய் விட்டது தப்பா?

இயற்பியல்_தர்மபுரி:
தர்மபுரி மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி (ஊர் பெயரை இப்போது எடுத்துவிட்டேன், காரணம் கீழே). பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுத்த தற்காலிக ஆசிரியர் நான், வயது 26. போன வாரம் பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ் முடிய ஆறேகால் ஆகிவிட்டது, ஆறு மணி டவுன் பஸ் போய்விட்டது, அடுத்தது எட்டு மணிக்குத்தான். மற்ற பிள்ளைகளை யாராவது வந்து கூட்டிப்போனார்கள், ஒரு பெண் மட்டும் ஸ்டாப்பில் நின்றாள். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, வீட்டில் ஆயா மட்டும். ஏழு கிலோமீட்டர். பைக்கில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு வந்தேன், அவ்வளவுதான். மறுநாள் ஹெச்.எம். கிளார்க் காதில் விழவே அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். இருட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால் அது சரியா?
இன்னொன்று. பிள்ளைகளிடம் என் வாட்ஸ்அப் நம்பர் இருக்கிறது. ராத்திரி பத்தரைக்கு 'சார் தூங்கிட்டீங்களா' என்று வரும். முதலில் டவுட், அப்புறம் வீட்டுக் கதை. பதில் போடாமல் இருக்க மனசு வரவில்லை.

ஓசூர்_ஷிஃப்ட்:
சார், எனக்கு சிப்காட்டில் வேலை, பெண் காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊரில் பதினொன்றாவது படிக்கிறாள். உங்கள் மேல் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு போன் போட்டிருக்கலாமே? 'பஸ் போயிடுச்சுங்க, நான் கொண்டுவந்து விடட்டுமா' என்று கேட்டிருந்தால் நானே மச்சானை அனுப்பியிருப்பேன். பைக் ஊருக்குள் நுழையும்போது புளியமரத்தடியில் நாலு பேர் உட்கார்ந்திருப்பான். நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்கள், பேச்சு வாங்குவது அந்தப் பிள்ளை.

அரூர்_டீச்சரம்மா:
தம்பி, 31 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் சொல்கிறேன். முதல் தப்பு உங்கள் ஹெச்.எம். மேல். பஸ் நேரம் தெரியாமல் யாராவது ஸ்பெஷல் கிளாஸ் வைப்பார்களா? எங்கள் பள்ளியில் பாடம் பாதியில் நின்றாலும் 5.40க்கு மணி அடித்துவிடுவேன். சரி, பஸ் போய்விட்டது. வீட்டுக்குப் போன் போடுங்கள், ஆயாவிடம் போன் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்கு. அந்த ஊர்ப் பக்கம் போகிற டீச்சர் யாராவது இருக்கிறாரா பாருங்கள். ஒன்றுமே அமையாவிட்டால் டீக்கடை வெளிச்சத்தில் நீங்களும் எட்டு மணி வரை நில்லுங்கள். நான் நின்றிருக்கிறேன், கொசு பிடுங்கி எடுக்கும்.
போன் விஷயம்: தனி சாட் வேண்டவே வேண்டாம். வகுப்புக்கு ஒரு குரூப், அதில் இன்னொரு டீச்சரும் இருக்கட்டும், எட்டு மணிக்கு மேல் பதில் கிடையாது. அதற்காக வீட்டுக் கதை சொல்கிற பிள்ளையை விரட்டிவிடாதீர்கள். பகலில், வராண்டாவில், நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துக் கேளுங்கள். அப்புறம், முதலில் பதிவில் இருக்கிற ஊர் பெயரை எடுங்கள். அந்தப் பிள்ளை யாரென்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கரும்புக்காட்டான்:
இப்படி எல்லாவற்றுக்கும் பயந்தால் வாத்தியார் எதற்கு, யூடியூப் போதுமே. என்னை எங்கள் சார் டி.வி.எஸ். 50-இல் உட்காரவைத்து தர்மபுரிக்குக் கூட்டிப்போய் பாலிடெக்னிக்கில் சேர்த்தார், ஃபீஸும் அவரே கட்டினார். அவர் இல்லையென்றால் நான் இன்றைக்கு வெல்லம் காய்ச்சிக்கொண்டிருப்பேன்.

ஊத்தங்கரை_நர்ஸ்:
அண்ணா, அந்த டி.வி.எஸ். 50 ஊருக்கே தெரிந்து ஓடியது. எனக்கும் ஒரு சார் இருந்தார். நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்துத் தருவார், போனுக்கு ரீசார்ஜ் போட்டுவிடுவார். ஒவ்வொன்றுக்கும் கூடவே, 'மத்த பிள்ளைங்ககிட்ட சொல்லிக்காதே, பொறாமைப்படுவாங்க.' தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் ராத்திரி போன் அதிர்ந்தால் வயிற்றைப் பிசையும். பிராக்டிகல் மார்க் அவர் கையில், எப்படி வேண்டாமென்று சொல்வது? ஆறு மாதம் 'குட் நைட் சார்' போட்டேன், பிராக்டிகல் முடிந்த அன்று பள்ளி கேட்டைத் தாண்டுவதற்குள் நம்பரை பிளாக் செய்தேன். சார், நீங்கள் அந்த மாதிரி ஆள் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் மார்க் உங்கள் கையிலும்தான் இருக்கிறது.

இயற்பியல்_தர்மபுரி:
ஊர் பெயரை எடுத்துவிட்டேன் அம்மா. ஒன்றை முதலில் எழுதவில்லை. தை பிறந்ததும் மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுக்கப் பேசி முடித்துவிட்டதாக மூன்று வாரம் முன்பு அந்தப் பெண் ராத்திரி மெசேஜ் போட்டாள். வயசு பதினேழு. யாரிடமும் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கினாள். நானும் சரி என்றுவிட்டேன்.

அரூர்_டீச்சரம்மா:
தம்பி, பைக்கை விடுங்கள், நீங்கள் தாண்டிய கோடு இதுதான். 18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். ஹெச்.எம்.மிடம் நாளைக் காலையே சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் மாவட்ட சமூக நல அலுவலருக்கும் தகவல் போகட்டும். இந்தச் சத்தியத்தை வாத்தியார் செய்யவே கூடாது. 'சொல்லாமல் இருக்க முடியாதும்மா, ஆனா யார்கிட்ட சொல்லப்போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிடுவேன்', இவ்வளவுதான் சொல்லலாம். நாளைக்கு வேறொரு பிள்ளை பாலியல் தொல்லை என்று வந்து சொல்லி, இதே மாதிரி சரி என்று மறைத்தால் போக்சோ சட்டத்தில் வழக்கு உங்கள் மேலேயே வரும், ஆறு மாதம் வரை ஜெயில். அந்தப் பெண்ணிடம் பேசும்போது தனியாகப் போகாதீர்கள்.

இயற்பியல்_தர்மபுரி:
பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். தமிழ் டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் முதலில் சொன்னேன், அழுதாள். ஹெச்.எம். இந்த முறை திட்டவில்லை, மேஜைக் காலண்டரைப் புரட்டி தைக்கு எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அவரே போனை எடுத்தார். அதிகாரிகள் வீட்டுக்குப் போய் ஆயாவிடம் பேசி எழுதி வாங்கியிருக்கிறார்கள். அவள் அப்பா பெங்களூரிலிருந்து போன் போட்டு எனக்கு விட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. தனி சாட்டை எல்லாம் நிறுத்திவிட்டேன், ஸ்பெஷல் கிளாஸ் இப்போது 5.40க்கு முடிகிறது. அந்தப் பெண் தினமும் வருகிறாள், என்னோடு பேசுவதில்லை. நேற்று ரெக்கார்டு நோட்டை மேஜையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போய் உட்கார்ந்துகொண்டாள்.