தோட்டத்தில் மறைந்த பூட்டனாரின் மரணப் பதிவைத் தேடுவது எப்படி?

கேள்வி (மஸ்கெலியா):
என் பூட்டனார் 1940களில் இங்குள்ள தேயிலைத் தோட்டமொன்றில் காலமானார். மரணச் சான்றிதழோ நாளிதழ் அறிவித்தலோ எங்களிடம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி (ஹட்டன்):
இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துடன் தொடங்கியது என்பதால், நீங்கள் சொல்லும் காலத்துக்குப் பதிவு இருக்க வாய்ப்புண்டு. தோட்ட மரணங்களை அறிவிக்கும் பொறுப்பு தோட்டத்துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) இருந்தது. ஆகவே தோட்டத்தின் அன்றைய பெயர், டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு), ஏறத்தாழ இறந்த ஆண்டு, அவருடைய தகப்பனார் பெயர் ஆகியவற்றை முதலில் திரட்டிக்கொண்டு, பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் தேடுதலுக்கு விண்ணப்பியுங்கள். முத்தையா என்பவர் முத்தையன் என்றோ வெறும் முத்து என்றோ பதியப்பட்டிருக்கலாம். எல்லா வடிவங்களையும் குறித்துக் கொடுங்கள்.

மறுமொழி (பண்டாரவளை):
வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின. பழைய இதழ்களைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்த தொழிலாளிக்குக் காசு கொடுத்து அறிவித்தல் போட்டவர்கள் அரிது. கங்காணி (தொழிலாளரை மேற்பார்த்தவர்), கணக்கப்பிள்ளை குடும்பமென்றால் தேடிப் பார்ப்பதில் பயனுண்டு. கிறிஸ்தவரானால் தேவாலய அடக்கப் பதிவேட்டையே முதலில் பாருங்கள்.

மறுமொழி (கேள்வி கேட்டவர்):
நன்றி ஐயா. அவர் கங்காணியின் தம்பி. இருவர் பெயரிலும் தேடுகிறேன்.