இரண்டு அம்பு இருந்தால் இரட்டை விலையா?

காக்கி அலமாரி:
பிரிட்டிஷ் படையின் 1937 மாதிரித் தோட்டாப் பை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. "மூடியின் உள்பக்கம் இரண்டு அம்புக் குறி, இரண்டு முறை சோதனையில் தேறிய அபூர்வப் பொருள்" என்று எழுதி, இரட்டை விலை கேட்கிறார்கள். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு அம்பும் முனையோடு முனை முட்டி நிற்கின்றன. ஒற்றை அம்பு என்றால் பிரிட்டிஷ் அரசுச் சொத்து. எதிரெதிராக முனை முட்டினால், படையிலிருந்து கழித்து வெளியே விற்றுவிட்டார்கள் என்று பொருள். இதில் அபூர்வம் எங்கே வந்தது?

அம்பு37:
அந்தப் பையைப் போட்டது நான்தான். பெயர் சொல்லாமல் எழுதினால் தெரியாதா? இரண்டு சோதகர்கள் தனித்தனியாக அடித்த குறி அது. இதே போல் இன்னும் மூன்று பைகள் என்னிடம் இருக்கின்றன. செய்த நிறுவனத்தின் எம்.ஈ.கோ. முத்திரையும் 1942 என்ற ஆண்டும் நேற்று அடித்தது போலத் தெளிவாக இருக்கின்றன. கழித்த பொருள் இவ்வளவு புதிதாக இருக்குமா?

காக்கி அலமாரி:
இருக்கும் தம்பி. போர் முடிந்ததும் கிடங்கில் கட்டுப் பிரிக்காமல் கிடந்ததையும்தான் விற்றார்கள். கிழிந்ததை மட்டும் கழித்தார்கள் என்று யார் சொன்னது? நான் கேட்பது ஒன்றுதான். முனை முட்டுகிறதா இல்லையா?

அம்பு37:
தம்பி என்று கூப்பிடும் வேலை வேண்டாம். நான் 20 வருடமாகச் சேர்க்கிறேன்.

பித்தளை:
அம்பு இருக்கட்டும். பின்பக்கக் கொக்கிகளை இப்படிப் பளபளவென்று தேய்த்தது யார்? இத்தனை வருடம் படிந்த கருமையை ஒரே மாலையில் அழித்துவிட்டு அபூர்வம் என்று பேசுகிறீர்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

அம்பு37:
சிப்பாய் தினமும் தேய்த்த பித்தளைதானே அது? அணிவகுப்பில் கருத்த கொக்கியோடு போய் நின்றால் விடுவார்களா?

பித்தளை:
அவன் தேய்த்தது அவன் வாழ்க்கை. நீங்கள் தேய்த்தது விற்பனைக்காக. துணியையும் துவைத்திருக்கிறீர்கள். துணியில் பூசியிருந்த பிளாங்கோ என்ற நிறப் பூச்சு துளிகூட இல்லை. எந்தப் படைப்பிரிவு என்ன நிறம் பூசியது என்று சொல்ல இருந்த ஒரே தடயமும் சோப்புத் தண்ணீரில் போய்விட்டது.

புதியவர்:
ஒரு சந்தேகம். மதிப்பு என்று நீங்கள் சொல்வது சந்தை விலையையா, வரலாற்று மதிப்பையா? இரண்டும் வேறு இல்லையா?

காக்கி அலமாரி:
துவைத்தது இன்னொரு வினை. புற ஊதா விளக்கில் காட்டினால் அந்தப் பை நீலமாக ஒளிரும். இன்றைய சோப்புத் தூளில் இருக்கும் வெளுப்பூட்டி செய்யும் வேலை அது. புதிதாகச் செய்த நகலும் அப்படித்தான் ஒளிரும். அசலையே போலி போல ஆக்கி வைத்திருக்கிறார். அப்புறம் நெசவைப் பாருங்கள். பிரிட்டனில் செய்த, தோளில் மாட்டும் பட்டையில் அகலம் மாறும் இடம் தறியிலேயே நெய்திருக்கும். இந்தியாவில் செய்ததில் துண்டுகளைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள், அம்போடு I என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். தைத்திருக்கிறது என்பதற்காகப் பல பேர் நல்ல இந்தியப் பட்டைகளை நகல் என்று தள்ளிவிடுகிறார்கள். அது பெரிய பாவம். இதையெல்லாம் கையில் வைத்துத் தடவிப் பார்க்காதவர்கள் ஒரு குறியைப் பார்த்து விலை சொல்கிறார்கள்.

அம்பு37:
வந்துவிட்டது பாடம்! போன வருடம் என் கனடா இடுப்புப் பட்டையைப் போலி என்று எல்லார் முன்னாலும் எழுதினீர்களே, மறக்கவில்லை. அதை வாங்க இருந்தவர் அன்றைக்கே பின்வாங்கிவிட்டார்.

காக்கி அலமாரி:
போலி என்று எழுதவில்லை. கனடா என்றால் C எழுத்தின் உள்ளே அம்பு இருக்க வேண்டும், உங்கள் பட்டையில் வெளியே தள்ளி இருக்கிறது என்று எழுதினேன். இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆஸ்திரேலியா என்றால் இரண்டு D எழுத்துகளின் நடுவே அம்பு. அம்பு எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் எல்லாமே. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அம்பு இருந்தால் நீங்கள் சொல்லும் சோதகர் கதையைக் கேட்டாவது பார்ப்பேன். உங்கள் பையில் முனை முட்டுகிறது.

அம்பு37:
மை பரவியதால் முட்டுவது போலத் தெரிகிறது.

காக்கி அலமாரி:
நான்கு பையிலும் ஒரே இடத்திலா மை பரவியது?

அம்பு37:
என்னிடம் இருப்பதைப் பற்றி எனக்குத் தெரியும். விலையைக் குறைக்கப் போவதில்லை. வேண்டியவர் வாங்கட்டும், வேண்டாதவர் ஒதுங்கட்டும்.

பித்தளை:
வாங்குகிறவரிடம் கொக்கியைத் தேய்த்ததையும் சொல்லிவிடுங்கள்.

காக்கி அலமாரி:
விலையை நான் கேட்கவே இல்லை. மற்ற மூன்று பைகளின் படத்தையும் போடுங்கள். நல்ல வெளிச்சத்தில், மூடியைத் திறந்து. முனை முட்டுகிறதா இல்லையா என்று எல்லாரும் பார்க்கட்டும்.